வலது பக்கத்து மீசை

மேற்கணக்கு லயம்,
அக்கரப்பத்தனை.
1961 ஆவணி, புதன்கிழமை

அன்பு மகன் அழகுமுத்துவுக்கு அப்பா வீரய்யா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம். எனக்கு மட்டும் நேற்றிலிருந்து மூக்குக்குக் கீழே குளிர் அதிகம், அதன் காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். உன் சுகத்தைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, அதைத்தான் செல்லசாமி வந்து தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டானே.

முழங்காலில் சின்னச் சுளுக்கு, கவலைப்பட வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியோடு கொழும்புக்கு வந்த செல்லசாமி உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தது உனக்கு வினையாகப் போய்விட்டது. சுளுக்குப் பிடித்தவனை நாலு பேர் பலகையில் வைத்தா தூக்கிக்கொண்டு போவார்கள்? வலது முழங்காலுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது, தொட்டால் அப்புறம் கால் மடங்காது என்று டாக்டர் சொன்னதும் தெரியும். ஊசி போட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை கம்பனி அணியின் கடைசி ஆட்டத்தில் இறக்கிவிடுகிறேன் என்று உன் கம்பனி மனேஜர் சொன்னதும், நீ பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டியதும் தெரியும். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று செல்லசாமியிடம் சத்தியம் வாங்கினாயாமே. அவன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான். அம்மாவிடம் சொல்லவே இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும்போது, பொதுவாகச் சொன்னான். உன் அம்மா முன்வரிசையில் நின்றாள்.

அதே பெரட்டுக் களத்தில்தானே நீ உதைபந்து பழகினாய். பந்து உன்னைத் தாண்டிப் போனாலும் போகும், ஆள் தாண்டிப் போனதே இல்லை. கந்தப்பளைப் பையன்கள் விளையாட வந்த அன்று மூன்று பேரைத் தேயிலைக்குள் உருட்டிவிட்டு, பந்து எங்கே என்று தேடினாயே, அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். நம் தோட்டத்து மருந்தையா ஆட்டம் இருக்கிற நாளில் கட்டுத்துணியைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவார். இடிக்கிறவனுக்கும் எலும்புதானே இருக்கிறது, அவர் கிழித்த துணியில் பாதி உனக்கே செலவானது. எனக்கு உள்ளுக்குள் பெருமை, அதை வெளியே காட்டினால் உன் அம்மா சோறு போட மாட்டாள் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பேன்.

நீ அடிபட்டபோதெல்லாம் அவள் அம்மனுக்கு வெள்ளியில் உருவம் செய்து போட்டது உனக்குத் தெரியும். தோள்பட்டை எலும்புக்கு ஒரு தோள், மணிக்கட்டுக்கு ஒரு கை, போன வருஷம் இடது கணுக்காலுக்கு ஒரு கால். இப்போது வலது முழங்கால் என்றதும் தலவாக்கலைக்கு ஓடிப் போய் இன்னொரு கால் வாங்கி வந்துவிட்டாள். பூசாரி மாயாண்டி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, போன வருசம் போட்டதும் இதே காலுதானே" என்று கேட்டான். அது இடது கால், இது வலது கால் என்று இவள் சொல்ல, தகட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று அவன் சொல்ல, அப்படியானால் போன வருஷம் எந்தப் பக்கமாக வைத்தாய் என்று இவள் பிடித்துக்கொண்டாள். "நீ திருப்பி வச்சதாலதான் எம்புள்ளைக்கு இந்தக் காலு போச்சு" என்று அவள் போட்ட சத்தத்தில் கோயிலில் இருந்த கூட்டம் கும்பிடுவதை விட்டுவிட்டு இவளைப் பார்த்தது. பாவம், மாயாண்டி அழாத குறை. கடைசியில் அவன்தான், "உருவம் போதும் தங்கச்சி, அம்மன்கிட்ட உம்மகனோட முக்கால் உடம்பு இருக்கு, முடி நேந்துக்க" என்று வழி சொன்னான்.

சரி, தன் கூந்தலைத்தான் நேர்ந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "இவருக்குத் தலையில ஒண்ணுமில்ல, மீசைதான் இருக்கு. எம்புள்ள ஞாயித்துக்கெழம பந்து ஆடாம இருந்தா இவரு மீசைய எடுத்து உனக்குத் தந்துர்றேன் தாயே" என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து நான் வளர்த்த மீசை, தோட்டத்துத் துரையே பார்த்துச் சிரித்துவிட்டுப் போன மீசை. நீ ஆடினால் என் மீசை தப்பும், ஆடாவிட்டால் உன் கால் தப்பும். இதில் நான் எதற்கு வேண்டிக்கொள்வது என்று நீயே சொல்.

தம்பி, இனி விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். நான் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வெட்டிய மலையில் செடி துளிர்த்து நிமிர்கிற வரைக்கும் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒரு கொழுந்துக் கூடையைக்கூட ஏறவிடுவதில்லை. அவசரப்பட்டுக் கொழுந்தைக் கிள்ளினால் செடி பட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். தேயிலைச் செடிக்குக் கொடுக்கிற ஓய்வை உன் காலுக்குக் கொடுக்க உன் மனேஜருக்கு மனசில்லை. ஆடாவிட்டால் வேலையில் இருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாயாம், செல்லசாமி அதையும் சொன்னான். நிறுத்தட்டும். ஊசி போட்டு நீ ஓடினால் அன்றைக்கு வலி தெரியாது, கை தட்டுவார்கள். அதற்குப் பிறகு காலை இழுத்துக்கொண்டு நீ இந்த மலைப் படிகளில் ஏறுவதை நானும் உன் அம்மாவும்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அப்பா எழுதியதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் நேற்றே கோயில் வாசலில் உட்கார்ந்து மீசையை எடுத்துவிட்டேன். நேர்த்தியை முன்கூட்டியே செலுத்திய ஆளை மாயாண்டி பார்த்ததில்லையாம், அவன் திகைத்துப் போய் நிற்கிறான். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ வந்து நிற்கிறது போல் இருக்கிறது. உன் அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இடது பக்கத்து மீசையை அம்மனுக்குப் போட்டுவிட்டேன். வலது பக்கம் இந்தக் கடிதத்தோடு இருக்கிற காகிதப் பொட்டலத்தில் இருக்கிறது. உன் வலது முழங்காலுக்கு உரியது அது. ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் மாட்டுவதற்கு முன்னால் பிரித்துப் பார். அதற்குப் பிறகும் ஆட மனம் வந்தால் ஆடிக்கொள். வராவிட்டால் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, உன் கையாலேயே அம்மன் காலடியில் போடு. நீ வரும்வரை எனக்குப் பாதி நேர்த்தி பாக்கி.

செல்லசாமியிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், அவனுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடு, திட்டாதே. இரவில் காலுக்கு எண்ணெய் போட மறக்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள், தலவாக்கலையில் வாங்கிய அந்த வெள்ளிக் காலையும் இன்னும் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறாள். மாரியம்மன் உன்னை முழு உடம்போடு காப்பாற்றட்டும்.

மீசையில்லாத உன் அப்பா,
வீரய்யா