ஏழாவது பேனலில் சந்தனம்

24 அக்டோபர் 2001

நாளை ஆயுத பூஜை விடுமுறை. அதனால் பல்கலைக்கழகத்தில் இன்றே பூஜை போட்டுவிட்டோம். மோட்டார், மீட்டர், என் பழைய ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் பொட்டு. பிறகு மொட்டை மாடி. பெண்கள் விடுதியின் படிப்பறை விளக்குகளுக்காகப் போன மாதம் பொருத்திய சோலார் பேனல்களை மட்டும் விடலாமா? அவற்றைப் பொருத்திய கம்பெனி இன்ஜினியர் பார்த்திபன், ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

"எங்க வூட்டு டிராக்டருக்கு இப்டித்தான் மேடம் வெப்போம்."

நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனேன். மின்னியல் சொல்லிக்கொடுக்கும் சியாமளா, வயது முப்பத்தைந்து. மூளை எங்கே போயிருந்தது? மத்தியானம் மீட்டர் தரைக்கு இறங்கிவிட்டது. சந்தனம் மறைத்த இடத்தில் வெயில் எப்படிப் படும்? இரண்டு பேரும் ஈரத்துணியோடு ஓடினோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஏழாவது பேனலுக்கு வந்தபோது, "ஒண்ணாவது இருக்கட்டும் மேடம், சாமி கோச்சுக்கும்" என்றார். விட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஓய்வு பெற்றவருக்கு இது போதாதா? "சூரியனுக்கே பொட்டு வெச்சு உக்கார வெச்சிட்டீங்களா" என்கிறார்.

5 நவம்பர்

பார்த்திபனைக் கயத்தாறுக்கு மாற்றிவிட்டார்கள். காற்றாலை வேலை. பொத்தேரி ஸ்டேஷன் வரை சேர்ந்து நடந்தோம். அவருக்குத் தாம்பரம் வண்டி, எனக்குச் செங்கல்பட்டு வண்டி.

"ரிப்பேர்னா போன் பண்ணுங்க மேடம். கேரண்டி கீது, நான்தான் வரணும்."

ரிப்பேர் இல்லாவிட்டால்? கேட்கவில்லை. வண்டி வந்துவிட்டது.

14 நவம்பர்

இரண்டு நாளாக விடாத மழை. ஏழாவது பேனல் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. அவர் கைபட்ட அடையாளம் கொஞ்சமும் இல்லை. இன்று முழுதும் வகுப்பில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

15 நவம்பர்

வீட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். அதே இடத்தில் நானே வைத்தேன்.

ஏன் வைத்தேன்?

3 டிசம்பர்

மழை கழுவுகிறது, நான் மறுபடி வைக்கிறேன். ஒரு பேனல் மறைந்தாலே அதோடு இணைத்த மற்றவையும் இழுக்கும்; அந்த வரிசை முழுதும் மந்தமாகிவிட்டது. துறைத்தலைவர் வரதன் சார் கூப்பிட்டு, "ஏம்மா, அந்த வரிசை மட்டும் ஏன் இழுக்குது?" என்று கேட்டார். "கம்பெனிக்குச் சொல்லலாம் சார்" என்று வாய் தானாகச் சொன்னது. முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ.

இதற்காகத்தான் வைத்தேன். இன்றுதான் எனக்கே தெரிகிறது.

18 டிசம்பர்

"ஆள் வரும்" என்கிறார்கள் கம்பெனியில். எப்போது என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். விடுதியில் இருக்கும் ஜெஸ்ஸி இன்று வழிமறித்தாள். "மேடம், ஒம்போது மணிக்கெல்லாம் லைட்டு போயிடுது. பரீட்சைக்கு எப்டிப் படிக்கறது?"

அந்தப் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருப்பது என்னால்தான். துடைத்துவிட வேண்டும். துடைத்தால் குறை இருக்காது. குறை இல்லாவிட்டால் அவர் எதற்கு வருவார்? — சீ, என்ன பொம்பளை நான். இப்படி ஒருத்தருக்காக ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

9 ஜனவரி 2002

இது சரியாகவில்லையென்றால் மற்ற விடுதிகளுக்குப் பேனல் போடுவதையே நிறுத்திவிடுவார்களாம். வரதன் சார் வருத்தத்தோடுதான் சொன்னார். நான் அலையாய் அலைந்து வாங்கின திட்டம். நாளை காலையில் முதல் வேலை துடைப்பதுதான். அவர் வராவிட்டால் —



10 ஜனவரி

ஈரத்துணியோடு மாடி ஏறினேன். ஏழாவது பேனலுக்கு முன்னால் பார்த்திபன் குந்தியிருந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வெயிலில் நன்றாகக் கறுத்துவிட்டார். என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இங்க நல்ல மழையாமே?"

"ஆமா."

"அம்மாம் மழைக்கும் இந்தச் சந்தனம் அப்டியே கீதே."

கண் நிறைந்துவிட்டது. "நீங்கதான் வரணும்னு சொன்னீங்களே, அதான்..." என்றேன். அவர் துணியை வாங்கி நிதானமாகத் துடைத்தார். மீட்டர் ஏறியது. வரதன் சாரிடம் "தூசு சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். சாயங்காலமே கயத்தாறுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

11 ஜனவரி

படிப்பறையில் விளக்குகள் நன்றாக எரிகின்றன. எந்தப் பேனலிலும் குறை இல்லை. இனி அவர் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

12 அக்டோபர்

இன்று பூஜை. இப்போது எல்லா விடுதி மாடிகளிலும் பேனல்கள். எதுவும் பழுதில்லை, நானும் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஏழாவது பேனலிடம் குனிந்தேன். கயத்தாறிலிருந்து லீவு போட்டு வந்து, பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பார்த்திபன் சொன்னார்:

"கண்ணாடில வேணாம் சியாமளா. ஃப்ரேம்ல வை."