கடைசி வரிக்குக் கீழே

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? புது ஊரில் குளிர் படுத்துகிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, எடைதான் ஏறிக்கொண்டே போகிறது.

நம் நிறுவனம் செய்யும் ரத்தப் பரிசோதனை எந்திரம் உறைந்து நின்றபோதெல்லாம் திரையில் கடைசியாகத் தெரிந்தது நீ எழுதிய நிரலின் செய்தி. அதை வைத்துத்தானே மேலாளர் உன் தலையில் பழியைப் போட்டார்? நீயும் சண்டை போடாமல் வேலையை விட்டுப் போய்விட்டாய். எனக்கு மனசே ஆறவில்லை. அந்த வரிக்குப் பிறகு ஏன் எதுவுமே வரவில்லை என்று குடைந்துகொண்டே இருந்தேன்.

ஒருவழியாகப் பிடிபட்டது. எந்திரத்தின் எல்லா நிரல்களையும் நடத்தும் அடிப்படை நிரலான கர்னல் நிலைகுலைந்ததும், அதிலுள்ள பல பிராசசர்களில் ஒன்று மற்றவற்றையெல்லாம் நிறுத்திவிட்டு, காரணத்தைத் திரையில் எழுதப் போகிறது. உன் செய்தியை எழுதிக்கொண்டிருந்த பிராசசரோ ஒரு நேரத்தில் ஒன்றுதான் திரையில் எழுதலாம் என்பதற்காக வைத்த பூட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. நின்றுபோனது எப்படிப் பூட்டை விடும்? காரணத்தை எழுத வந்த பிராசசர் அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடக்க, உண்மைக் காரணம் வெளியே வராமலே போனது.

அதை மாற்றிவிட்டேன். காரணம் முதலில் நினைவகத்தில் பத்திரமாகப் பதிவாகும். பிறகு அதை எழுத வந்த பிராசசர் பூட்டைக் கேட்டுக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். கிடைக்காவிட்டால், வேறு வழியே இல்லாதபோது மட்டும், பூட்டை மீறி எழுதும். நடுவில் வேறெதுவும் வாய் திறக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எந்திரம் மறுபடி விழுந்தது. எந்திரம் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்! உன் வரிக்குக் கீழே முழுச் செய்தியும் வந்தது. பிழை, எந்திரத்தைக் குளிர்விக்கும் விசிறியை இயக்கும் நிரலில் இருந்தது. மேலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "இது நான் எழுதினதாச்சே" என்றார். பிறகு எல்லார் முன்னாலும், "அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்" என்றார். மனிதர் மழுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவர் உனக்கு எழுதுவார். பழைய வேலைக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அங்கே உனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும், அதனால் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கோபத்தில் உடனே பதில் போட்டுவிடாதே, அது போதும். இரண்டு நாள் யோசி. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் நீ உட்காரும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலை, நீ போன பிறகு நான்தான் தினமும் திறந்து வைக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

எப்போதும் உன்,
தூங்குமூஞ்சி