சத்தமில்லாமல் ஏறிய கடல்

அன்புள்ள நைனாவுக்கு, மேகலா எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா? இங்கே பிரிட்டனில், வேல்ஸில் நான் சுகம்.

போன ஞாயிறு நானும், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ராயப்பேட்டை ஸ்டெல்லாவும் கடலோரப் பாதையில் நடக்கப் போனோம். கீழே, மணலை ஒட்டி ஒரு குகை. கடல் எங்கேயோ தூரத்தில் கிடந்தது.

"தண்ணி ஏறும்னு போர்டு வெச்சிகீதுடி, வா போலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"கொட்டிவாக்கத்துக்காரிக்கே கடலைக் காட்டுறியா?" என்று சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தேன்; அவளும் பின்னாலேயே வந்தாள். புயல் நாளைத் தவிர, நம் கடல் உன் படகு வரை ஏறி நான் பார்த்ததே இல்லையே. குகைச் சுவர் என் தலைக்கு மேலேயும் ஈரமாக இருந்தது. தண்ணீர் அதுவரை ஏறும் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வெகுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மணலைக் காணோம். முட்டியளவு தண்ணீர், ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டுவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. பெரிய அலைகூட இல்லை நைனா, சத்தமில்லாமல் ஏறியது. இங்கே தினமும் இரண்டு தடவை கடல் இப்படி ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்குமாம். பாறையைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தோம். ஒரு ஷூ போனது, அவ்வளவுதான். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதை விட்டுவிடு.

டூட்டிக்கு நேரமாகிறது. கருவாடெல்லாம் அனுப்ப வேண்டாம். கரைக்குப் போகும்போது, உன் படகுப் பக்கம் நின்று போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. அலை வந்து திரும்புகிற இடம் தெரியட்டும். எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்த கடல் அது ஒன்றுதான்.

உன் மகள்
மேகலா