வேலிக்கு வெளியே வைத்த மெழுகுதிரி

சேசு மரி சூசை துணை

பதுளை, பசறை வீதி
1912ஆம் வருஷம் நவம்பர் மாதம் 5ந் தேதி

ஈப்போவில் இருக்கும் என் அன்பு மகன் இஞ்ஞாசிக்கு உன் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் விட்டுவைத்தபடியே நானும் உன் மனைவி பிரகாசியும் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தத் தூர தேசத்தில் உன்னைக் காய்ச்சல் தீண்டாமல் அவர் காத்துவரும்படி காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் போன மாதம் இருபத்தோராந் தேதி கைக்கு வந்தது. பென்சிலால் எழுதியிருக்கிறாய். ரயில் கந்தோரில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பேனா கிடைக்கவில்லையா, கப்பல் தபாலில் உரசிப் பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது, இனி மையால் எழுது. இங்கே மழை விட்டபாடில்லை. பசறை வீதியில் இரண்டு இடத்தில் மண் சரிந்து மூன்று நாள் வண்டி ஓடவில்லை. சமையலறைத் தகரம் ஒழுகுகிறது, ஆசாரி நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் பத்து நாளாகிறது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. நீ நனைந்த சட்டையை உடம்பிலேயே காயவிடாதே. வெள்ளிக்கிழமையில் கடைச் சாப்பாடு வேண்டாம், குழம்பில் இறைச்சி கிடந்தாலும் உனக்குத் தெரியாது. பார், இப்படி எழுதிக்கொண்டே ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டேன், எழுத வேண்டியதை இன்னும் தொடவில்லை. இதற்கு முன் எழுதிக் கிழித்துப்போட்ட இரண்டு கடிதமும் இப்படித்தான் கிழிந்தன.

பிள்ளை தவறிவிட்டது, ஆண்டவர் சித்தம் என்று மட்டும் உனக்குத் தந்தி கொடுத்தேன். அதற்கு நீ எழுதியிருந்தாய், அம்மா பக்கத்தில் இருந்தபடியால் எனக்கு அந்தக் கவலை இல்லை, என் மகன் ஞானஸ்நானத்தோடுதான் போயிருப்பான், ஒரு பாவமும் அறியாத ஆத்துமம், நேரே மோட்சத்தில் தேவதூதரோடு ஒரு சம்மனசாக இருப்பான், தினமும் வேலைக்குப் போகுமுன் அவனை நோக்கி ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டுதான் போகிறேன் என்று. என்ன பெயர் வைத்தீர்கள் என்றும் கேட்டிருந்தாய். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. இஞ்ஞாசி, உட்கார்ந்துகொண்டு வாசி. உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. பெயரும் இல்லை. தண்ணீர் இருந்தது, நேரம் இருந்தது, நான் இருந்தேன். நான் ஊற்றவில்லை.

செப்டம்பர் இருபத்துநாலாந் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் பிறந்தான், ஒரு மாதம் முந்திவிட்டான். பிரகாசிக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது, பிரசவமானதே அவளுக்குத் தெரியாது. மேலே தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், இரண்டாம் லயத்துப் பூவம்மாதான் பிரசவம் பார்த்தாள், இந்தப் பக்கத்தில் இப்போது எல்லாப் பிள்ளைகளும் அவள் கையில்தான் பிறக்கின்றன. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள், ஆனாலும் அவளைப்போல் கை சுத்தமானவள் பதுளைப் பட்டணத்தில்கூட இல்லை. அவள் பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உன் அப்பாவின் காது அப்படியே இருந்தது. "கிளாக்கரம்மா, புள்ள மூச்சு வாங்குறது சரியில்லீங்க, ஒங்க தண்ணிய இப்பவே ஊத்திருங்க" என்றாள். சுவாமியார் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார், வியாழக்கிழமை வருவார், கோவிலில் வைத்து முறைப்படி நடக்கும் என்றேன். "வியாழக்கெழம வரைக்கும் தாங்குமாங்க இது? லயத்துப் புள்ளைகளுக்கு மட்டும் குதிர மாதிரி ஓடியாருவீங்களே" என்றாள். அது லயத்துப் பிள்ளைகளுக்கு, இது என் பேரன், நீ உன் வேலையைப் பார் என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதை நீ என் எழுத்திலேயே வாசிக்க வேண்டும் என்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன்.

கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்க்கும் முதலியார் ஐயாவை ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டு வைத்திருந்தேன். உன் ஞானஸ்நானத்துக்கு நீ போட்ட அதே வெள்ளை அங்கி, கன்னியர் மடத்தில் படித்தபோது நான் பின்னிய லேஸ் வைத்தது, வெளுத்துப் பெட்டிபோட்டு மடித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டு, சாகக்கிடக்கிற கூலிக்காரன் பிள்ளைக்குச் செய்வதுபோல் செம்புத் தண்ணீரில் அவசரமாக முடிப்பதா என்று என் பெருமை கேட்டது. மூன்று மணிக்கு உதடு நீலம் பாரித்தது. பூவம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் அதை ஜன்னல்மேல் வைத்துவிட்டு அடுத்த அறையில் மாதா சுரூபத்துக்கு முன் முழங்காலில் இருந்தேன். ஒரு ஐம்பத்துமூன்று மணி செபமாலையைச் சொல்லி முடித்து வந்தேன், பூவம்மா பிள்ளையின் முகத்தை மூடியிருந்தாள். செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. யார் ஊற்றினாலும் செல்லுமே, நீயாவது ஊற்றியிருக்கக் கூடாதா என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். "எனக்கு என்னாங்க தெரியும், அது ஒங்க வேலன்னுல்ல இருந்தேன்" என்றாள். உண்மைதான். முப்பது வருஷமாக அதை என் வேலை என்றுதான் வைத்திருந்தேன், யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பெருமை மட்டும் என்றால் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு நிமிர்ந்திருப்பேன். உள்ளே இன்னொன்று இருந்தது. உன் அப்பா அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில், சாகப்போகிற பிள்ளை இருக்கிறது என்று கேள்விப்பட்டால் நான் தண்ணீர்ச் செம்போடு லயத்துக்குப் போவேன் என்பது உனக்குத் தெரியும். பதினொரு பிள்ளைகள். பதினொன்றும் செத்தன, சாகப்போகிற பிள்ளைகளுக்குத்தானே ஊற்றினேன். லயத்துப் பெண்களோ அதைத் திருப்பிப் பேசினார்கள், கிளாக்கரம்மா தண்ணீர் ஊற்றினால் பிள்ளை தங்காது என்று. என்னைக் கண்டால் பிள்ளையை ஒளிப்பார்கள். பூவம்மாவே தன் தலைப்பிள்ளையைக் கொழுந்துக் கூடைக்குக் கீழே கவிழ்த்து மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனகல் கேட்டது, கூடையைத் தூக்கினேன், அவள் என் காலைப் பிடித்தாள், அவளைத் திட்டிவிட்டு ஊற்றினேன், பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தைச் சொன்னேன். மறுநாள் காலை அது போய்விட்டது. இரண்டு வருஷம் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அறிவில்லாத பேச்சு, அஞ்ஞானப் பயம் என்று எத்தனை தரம் அவர்களைக் கண்டித்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை செம்பைக் கையில் வாங்கினபோது எனக்குள் வந்ததும் அதே பயம்தான் மகனே. ஊற்றினால் போய்விடுவான் என்று நினைத்தேன். ஊற்றாமல் இருந்தால் இருப்பான் என்று நினைத்தேன்.

நாங்கள் மடத்தில் படித்தது உனக்கும் படிப்பித்ததுதான். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை செத்தால் நேரே மோட்சம். உன் அப்பாவைப் போலப் பெரியவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்தால் பூசையும் செபமும் அவர்களுக்கு உதவும். ஞானஸ்நானம் இல்லாத சிறுபிள்ளைகளுக்குத் தனி இடம், அங்கே நெருப்பில்லை, வேதனையில்லை, சர்வேசுரனுடைய முகத்தை மட்டும் காண முடியாது. இதைப் பிழையில்லாமல் ஒப்புவித்ததற்கு எனக்கு ஒரு சுரூபப் படம் பரிசு கிடைத்தது. வேதனையில்லை என்கிற இடத்தில் வந்ததும் இப்போது என் வாய் நின்றுபோகிறது. சுவாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன அபராதம் கொடுத்தார், எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செபம் செய்யலாம் என்று கேட்டேன். அதற்கென்று திருச்சபை ஒரு செபமும் வைக்கவில்லை, ஆனால் சர்வேசுரன் தாம் ஏற்படுத்திய ஞானஸ்நானம் முதலான தேவதிரவிய அனுமானங்களுக்குத் தாமே கட்டுப்பட்டவர் அல்ல, அவர் இரக்கத்தில் விட்டுவிடுங்கள் அம்மா என்றார். விட்டுவிடத் தெரிந்தவளா நான்?

பிரகாசிக்கு மூன்றாம் நாள் நினைவு வந்தது. பிள்ளை இல்லை என்பதை என் முகத்திலேயே கண்டுகொண்டாள். "தண்ணி ஊத்தினீங்களா அத்தை" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். நாற்பதாம் நாள்வரை அவள் அந்தத் தலையாட்டலை நம்பிக்கொண்டு கஞ்சி குடித்தாள், மருந்து குடித்தாள். ஆனால் சுவாமியாரிடம் நான் பொய் சொல்லவில்லை, ஆகையால் பிள்ளையைச் சேமக்காலையின் மந்திரித்த மண்ணில் அடக்கம் பண்ணவில்லை. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், ஓடையை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, அங்கே. சிலுவை இல்லை, ஒரு கல் வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மரித்தவர்களின் திருநாள். பிரகாசி முதன்முதலாக வெளியே வந்தாள். பூவம்மாவும் குடலைப் பூவைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். உன் அப்பாவின் கல்லறையில் திரி ஏற்றிவிட்டு, பிள்ளையுடையது எது அத்தை என்று பிரகாசி சுற்றிப் பார்த்தாள். நான் வேலியைத் தாண்டி அழைத்துப்போனேன். அவள் வேலியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் கேட்டதுக்குத் தலையாட்டினீங்களே அத்தை" என்றாள். குனிந்து திரியை ஏற்றினாள், தூறலில் அணைந்தது, மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. பூவம்மா தன் கம்பளியைத் தலையிலிருந்து எடுத்துத் திரியைச் சுற்றிக் கூடாரம்போல் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் குந்திக்கொண்டாள். நான் அங்கேயே, அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று மணியையும் ஜன்னல்மேல் வைத்த செம்பையும். பிரகாசி அழவில்லை. பூவம்மாதான் பேசினாள். "ஏங்க கிளாக்கரம்மா, எம்புள்ள ஒங்க மோச்சத்துல இருக்கான்னு அன்னைக்கே சொன்னீங்கல்ல, நெசமா?" என்றாள். நெசம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்றேன். "அப்ப அவங்கிட்ட சொல்லுங்க. ஒங்க பேரன் எங்கிட்டு நிக்கிறான்னு போயிப் பாத்துக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிறச் சொல்லுங்க. எம்புள்ள சொன்ன பேச்சுக் கேக்கும்" என்றாள்.

அப்படி ஒருவரை ஒருவர் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று ஞானோபதேசத்தில் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் மோட்சத்தில் இருக்கிறவர்களை நோக்கி மன்றாடலாம் என்று இருக்கிறது. நான் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை மோட்சத்தில் இருக்கிறான் என்றும் இருக்கிறது. அதனால் முழங்காலில் நின்றேன். நின்ற பிறகுதான் தெரிந்தது, அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவசரத்தில் ஆண்பிள்ளை என்றால் எல்லாருக்கும் மிக்கேல், பெண்பிள்ளை என்றால் மரியாள் என்று வைத்துவிட்டு வந்தவள் நான். ஆறு மிக்கேல். அவர்கள் வீட்டில் என்ன பெயர் என்று ஒரு தாயிடமும் நான் கேட்டதில்லை. பூவம்மாவிடம் அன்றைக்குத்தான் கேட்டேன். அழகர் என்றாள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டேன். மேலே, ஏழாம் நம்பர் மலையில், பிறகு அங்கே தேயிலை நட்டுவிட்டார்கள், அந்த நிரையில் இப்போது தானே கொழுந்து எடுப்பதாகச் சொன்னாள். நான் அழகர் மிக்கேலே என்று கூப்பிட்டு என் வேண்டுதலைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கம்பளியை எடுக்கவில்லை.

மகனே, நீ உன் பிள்ளையை நோக்கி வேண்டிக்கொள்வதை நிறுத்து என்று எழுத எனக்குக் கை வரவில்லை, தொடர்ந்து செய் என்று எழுத எனக்கு உரிமையும் இல்லை. நீ என்னைக் கோபித்துக்கொள்ளலாம், அதற்கு நான் பதில் எழுத மாட்டேன். ஆனால் முதலில் பிரகாசிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, என் உறைக்குள் வைத்து அனுப்பாதே. நான் சமைத்ததை அவள் சாப்பிடுகிறாள், என்னோடு பேசுவதில்லை. ஞாயிறு பூசை தப்பவிடாதே, அப்பாவை நினைத்துக்கொள். சர்வேசுரன் உன்னை ஆசீர்வதித்து, போன வழியே சுகமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாராக, தேவமாதா உன் தலைக்குமேல் இருப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞானஸ்நானத்துக்கு முன் பிள்ளைக்குப் பெயர் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான், ஆகையால் நானாக ஒரு பெயர் வைக்க மாட்டேன், பிரகாசியும் நீ எழுதட்டும் என்று இருக்கிறாள் போலிருக்கிறது. இந்தக் கடிதம் கண்டவுடன், மையால், தெளிவாக, அவனுக்கு ஒரு பெயர் எழுதி அனுப்பு. அழகர் எந்தப் பேரைச் சொல்லித் தேடுவான் என்று பூவம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மதலேனம்மாள்