இளமதி வாசிக்கும் கடல்

பழவேற்காடு குப்பம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் வரதனுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் நாங்கள் நாலு பேரும் சுகமாக இருக்கிறோம், உன் கப்பல் எந்தத் தண்ணீரில் போனாலும் நீயும் அப்படியே இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னடா போன் இருக்க அம்மா காகிதத்தை எடுத்துவிட்டாள் என்று பார்க்காதே, போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும், இது உன் பெண்டாட்டி இளமதி காதுக்குப் போகக்கூடாத பேச்சு. உன் கம்பெனி ஆபீசுக்கு அனுப்புகிறேன், அடுத்த துறைமுகத்தில் கொடுப்பார்களாம்.

உன் தம்பி விஜயகுமாருக்குச் சிப்காட்டில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், நேரத்துக்குச் சாப்பிடாமல் இளைத்துவிட்டான். உன் நைனா முட்டிவலிக்கு மீஞ்சூரில் வாங்கிய தைலத்தை நான்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது. அது கிடக்கட்டும். போன தடவை பேசும்போது, மீன் ஏலக்கொட்டகை மைக்கில் இளமதி தினமும் போனில் வரும் கடல் சேதியை ஊருக்குப் படிப்பதை நிறுத்தச் சொல், குப்பத்துப் பசங்க போன் பண்ணி கேலி பண்றானுங்க, மானம் போவுது என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

போன வாரம் ஏரியில் வலை போட நம் பாடு வந்தது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் இறால் நல்லாப் படுகிற இடம், முறை தவறினால் மறுபடி எப்போது வருமோ. விடிந்தும் விடியாமல் உன் நைனாவும் விஜயகுமாரும் வலையை ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளிவிட்டார்கள். வானம் கழுவி விட்ட மாதிரி, காற்றே இல்லை. அப்போதுதான் இவள் மைக்கைப் பிடித்து, தெற்கே எங்கேயோ நடுக்கடலில் எழுந்த பெரிய அலை இன்றைக்கு நம் கரைக்கு வருகிறதாம், கடலுக்கு மட்டுமில்லை, முகத்துவாரத்துக்கும் யாரும் போகாதீர்கள் என்று படித்தாள். கரையில் ஒரே சிரிப்பு. ஏரிக்குப் போறவனுக்கு இன்னாத்துக்கு கடல் சேதி, காக்களூர்ல கம்பெனி வேலை பாத்துக்கினு இருந்த பொண்ணுக்கு அலையப் பத்தி இன்னா தெரியும் என்றார்கள். நம் ஆட்களுக்கு எப்போதும் அதே நினைப்புதானே, ஏரி வேறு கடல் வேறு என்று. எனக்கும் அதே நினைப்புதான், பொய் சொல்வானேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா. மாமனார் எதிரில் நின்று ஒரு வார்த்தை பேசாத பெண், ஊரே கேட்க மைக்கில், மாமா திரும்பி வந்துடுங்கோ, வலை போனா போவுது, நீங்க வாங்கோ என்று கத்திவிட்டாள். அதுவும் மூன்று தரம்! உன் நைனாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவளைத் திட்டுவதற்கென்றே படகைத் திருப்பினார். பின்னால் போனவர்களும் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். பேஜாரு பண்ணிக்கினு கீறியே என்று கொட்டகை வாசலில் நின்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே, முகத்துவாரத்தில் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி உள்ளே வந்தது. காற்று இல்லை, மழை இல்லை. வலை கட்ட ஊன்றியிருந்த கழி அத்தனையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உன் நைனா பாதித் திட்டோடு வாயை மூடினார். அப்புறம் அவளிடம், டீ போட்டியா என்று கேட்டார். மனுஷனுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டு, சேதி வந்த நாளில் போகாதவனுக்குப் பாடு தவறாது, மறுநாள் உண்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லையடா, என் மருமகள், என் மருமகள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்றும் கேள். நேற்று ஊருக்குப் படித்து முடித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். மெல்லிய குரலில், தெற்கு அந்தமான் கடலில் அலை ஒன்றரை மீட்டர், மலாக்கா பக்கம் இடி மழை, அவர் தூங்குற நேரத்துல ஆட்டம் இல்லாம இருக்கணும் தாயே என்று அவள் சொல்வது ஒலிபெருக்கியில் வருகிறது. தினமும் இப்படித்தான் உன் கப்பல் பக்கத்தைத் தனியாகப் படிப்பாளாம், எங்கள் யாருக்கும் தெரியாது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது. ஒருத்தனும் சிரிக்கவில்லை, உன்னிடம் கேலி பேசினவனும்தான். இன்று காலை அவள் நம் கடலைப் படித்துவிட்டு மைக்கை அணைக்கப் போனபோது, கரையிலிருந்து அவனேதான் கத்தினான், வரதன் கடலையும் படிச்சிட்டு அணைம்மா என்று.

அதனால் நிறுத்தச் சொல்லி நீ சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உனக்குத் தைரியம் இருந்தால் நீயே ஊருக்கு வந்து அதே மைக்கில் சொல்.

நூறு வருஷம் நல்லா இருடா என் ராசா, அம்மன் துணை இருப்பாள். ஈரத் துணியோடு நிற்காதே, சூடாகச் சாப்பிடு. கரை தொட்டதும் போன் பண்ணு, என்னிடம் அப்புறம் பேசலாம், முதலில் அவளைக் கூப்பிட்டு நாளைக்கு என் கடல் எப்படி என்று கேள்.

உன் அம்மா,
ம. குப்பாயி