டாக்டரிடம் மறைத்த ஊசி

என் அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்நேரம் உன் வயிற்றில் ஒரு வாய்த் தண்ணீராவது தங்கியிருக்க வேண்டும். வார்டில் உன்னிடம் போன் இல்லை. அதனால் அம்மா கொண்டுவரும் துணிப்பையில் இதை வைக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். உன் மகள் இரண்டு நாளாக என் தையல் மெஷினுக்கு அடியில்தான் குடித்தனம். எங்கம்மா எப்போ வருவாங்க என்று கேட்கும்போதெல்லாம் கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தப்பு முழுக்க என்னுடையது. உன் புது வேலைக்கு உடை தைத்தபோது, உன் அளவைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினேன். என்னை மாதிரி இளைக்கிற ஊசி போட்டால் எடை தானாக இறங்கிவிடும், பிறகு எதற்குப் பிரித்துத் தைப்பது என்று பெரிய மேதாவி மாதிரி பேசினேன்.

எனக்கு டாக்டர் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, மாதாமாதம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார். ஐந்தாம் மாதம் நான் போட்டுக்கொள்ளும் அளவை உனக்கு முதல் நாளே போட்டேன். அதுவும் மருந்து நிரப்பி வரும் என் ஊசிப் பேனாவிலேயே. முனையை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவருக்குப் போடவே கூடாது என்று மருந்துக்கடைக்காரர் நேற்றுச் சொன்னார்.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று. நீ வாந்தியோடு போன் செய்தபோது, வெளிச்சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொல்லிடு, ஊசியைப் பற்றி மூச்சு விடாதே என்றேன். உன் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவாரே என்ற பயம். நீயும் அப்படியே சொல்லிவிட்டாய். இப்போது வலி முதுகுவரை போகிறதாம், டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லையாம். காலையில் வார்டுக்குப் போன் செய்து ஊசியா இருக்குமோ என்றேன். அவங்க எந்த மருந்தும் எடுத்துக்கலைங்கறாங்களே, நீங்க யாரு என்று கேட்டார் நர்ஸ். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். மருந்துப் பெட்டியும், என்றைக்கு எவ்வளவு போட்டேன் என்று எழுதிய சீட்டும் பையில் இருக்கின்றன. அம்மா டாக்டரிடம் கொடுப்பார். டாக்டர் உன்னைக் கேட்பார். அக்கா பயத்தில் உளறுகிறாள் என்று மழுப்பிவிடாதே.

சின்ன வயதில் நான் உடைத்ததையெல்லாம் நீ உடைத்ததாகச் சொல்லி அடி வாங்கியவள் நீ. இந்த ஒரு தடவை என்னைக் காட்டிக்கொடுத்துவிடு, கண்ணே.

நீ நன்றாக இருக்க வேண்டும்,
உன் அக்கா