புதன்கிழமைப் பாடமும் உன் முகம் பார்க்கும் கண்ணாடியும்

என் செண்பகத்துக்கு,

நீ இருக்கும்போது உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. 'ஏளா' என்றால் அடுக்களையிலிருந்து 'வாரேன்' என்று பதில் வரும், அத்தோடு சரி. இப்போது பேரை எழுதிப் பார்க்கையில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்க மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் படிப்பார்கள். அதனால் வழக்கம்போல் உன்னோடு சண்டை பிடிக்க முடியாது.

தலைத் திவசம் போன வாரம் நல்லபடியாக முடிந்தது. மீனா பருப்புப் பாயசம் வைத்தாள். உன் கைப்பக்குவம் இல்லை, அதை நம் மகளிடம் நான் சொல்லவும் இல்லை. நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். முறைக்காதே. முதல் நாளே சுனிதாவிடம் போனில் கேட்டுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஆமாம், சுனிதாவிடம் இப்போது நானேதான் பேசுகிறேன். அதுவும் தெலுங்கில். நம்புவாயா?

படிக்கிறவர்களுக்கு அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை முற்றி, வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்களே, அந்த ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற நர்ஸ். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவன் வீட்டில் என்ன கூத்தடிக்கிறான் என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதனால் வீட்டுக்குப் போன பிறகும் வாரத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிடுவார்கள். இன்சுலின் எப்படிப் போடுவது, ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு நேரம், காலை எப்படிப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் சொல்லித்தருவார்கள். நமக்குப் புதன்கிழமை, காலைச் சமையல் முடிகிற நேரம்.

முதல் புதன்கிழமை போன் அடித்ததும் நான் என்ன செய்தேன்? எடுத்து, தெலுங்கைக் கேட்டதும், "ஏளா, ஒனக்குத்தான் போன்" என்று உன் பக்கம் நீட்டினேன். எனக்குத் தெலுங்கு வராது என்பது சாக்கு. இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெறும்வரை எனக்கு இங்கிலீஷும் அரைகுறை இந்தியும் போதுமாக இருந்தன. நீதான் போவன்பள்ளி மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டைக்காரர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே தெலுங்கைப் பிடித்துக்கொண்டாய். ஒரு வார்த்தையிலும் திருநெல்வேலி வாடை போகவில்லை. ஆனாலும் விலை குறைந்தது.

அன்றிலிருந்து உடம்பு என்னுடையது, படிப்பு உன்னுடையது என்றாகிவிட்டது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, சாத்துக்குடியில் ஊசியைக் குத்திக் குத்திப் பழகினாய். ஊசி போடுகிற இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றாய். இன்சுலினை ஃபிரிட்ஜின் கதவில்தான் வைக்க வேண்டும், ஐஸ் பக்கம் போகவே கூடாது என்று மீனாவை அதட்டினாய். நான் செருப்புப் போடும்முன் அதற்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாய். ராத்திரி சாப்பாடு ஆனதும் என் காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்ப்பாய். கூச்சமாக இருக்கிறது என்று இழுத்துக்கொள்வேன். "ஆமா, இனிமேதான் கூச்சம் வரும்" என்பாய்.

எப்போதாவது சுனிதா பரீட்சை வைப்பாள். கேள்வி எனக்கு, பதில் நீ சொல்வாய். எல்லாம் சரி. "சார் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அவள் சொன்னதை நீ எனக்கு மொழிபெயர்ப்பாய், நான் பேப்பரை மடக்காமலே தலையாட்டுவேன். ஒரு நாள் நீ வாய்விட்டே கேட்டாய். "மீனா அப்பா, ஒரு தடவ நீங்களே போட்டுப் பாருங்களேன். அவ லைன்லயே இருக்கா, சொல்லிக்குடுப்பா." நான், "நீ இருக்கும்போது எனக்கென்ன?" என்றேன். அதைப் பெரிய அன்பு என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாயா?

பிறகு அந்தக் காலை வந்தது. எனக்கு ஊசி போட்டு, இட்லியை எடுத்துவைத்து, "சாப்பிட்டிருங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று உட்கார்ந்தாய். ஆட்டோவில் என் தோளில்தான் சாய்ந்திருந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீ இல்லை. இத்தனை வருஷமும் நோயாளி நான், போனவள் நீ. இதில் என்ன நியாயம் இருக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது?

காரியம் முடியாத வீட்டில் புதன்கிழமை போன் அடித்தது. பழக்கத்தில் எடுத்து, பழக்கத்தில் அடுக்களைப் பக்கம் நீட்டிவிட்டேன். அங்கே உறவுக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் காதில் வைத்தேன். "அம்மா லேரு" என்றேன், அம்மா இல்லை என்று. "மார்க்கெட்டுக்கு வெள்ளாரா சார்?" என்று கேட்டாள். மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாயா என்று! எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. மீனா போனை வாங்கிச் சொன்னாள். அந்தப் பக்கம் சுனிதா அழுதது எனக்கே கேட்டது. உன் முகத்தை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தவள். மற்றதெல்லாம் குரலோடு உண்டான பழக்கம்தான்.

வந்தவர்கள் போன பிறகு மீனாதான் மாதாப்பூரிலிருந்து காலையும் மாலையும் வந்து ஊசி போட்டாள். அவள் கம்பெனியிலோ அமெரிக்காக்காரன் விழிக்கிற நேரத்துக்கு மீட்டிங். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு, தட்டை வைத்துக்கொண்டு நான் காத்திருந்த நாளும் உண்டு. ஒரு நாள் பையை வைத்ததும் வைக்காததுமாக, "அப்பா, நான் ரிசைன் பண்ணிடறேன். உங்களால தனியா மேனேஜ் பண்ண முடியாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைப் படிக்கவைக்க நீ எத்தனை பேரோடு வாதாடினாய். அப்பன் வயிற்றில் ஊசி குத்தவா அவள் அந்த வேலையை விட வேண்டும்?

அடுத்த புதன்கிழமை சுனிதாவிடம் நானே கேட்டேன். "மொதட்டி நுஞ்சி செப்பண்டி" என்றேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று அர்த்தம், அந்த வாக்கியத்தை மீனாவிடம் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அவள் நமக்காகத் தெலுங்கை மெதுவாக்கி, நடுநடுவே இந்தியும் போட்டுப் பேசினாள். முதல் கேள்வி: "ஜேபுலோ சாக்லெட் உந்தா சார்?"

சட்டைப் பையில் மிட்டாய் இருக்கிறதா என்று. நான் சிரித்துவிட்டேன். அது பிள்ளைகளுக்கு அல்லவா என்றேன். நீ தினமும் என் சட்டைப் பையில் ஒரு கைப்பிடி ஆரஞ்சு மிட்டாய் போட்டு அனுப்புவாயே, அதை லிஃப்டில் வருகிற பிள்ளைகளுக்கு வாரிக் கொடுத்து, 'சாக்லெட் தாத்தா' என்று பேர் வாங்கியவன் நான். "சரிதான், பேரப்பிள்ளை இல்லாத குறைக்குக் கொடுத்தனுப்புகிறாள்" என்று உன்னைப் பற்றி உருகியும் இருக்கிறேன்.

சுனிதா என்னைத் திருத்தினாள். அது பிள்ளைகளுக்கு இல்லை சார் என்றாள். இன்சுலின் போட்டுக்கொள்கிறவனுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். உடனே இனிப்பு வாயில் போடாவிட்டால் ஆளே விழுந்துவிடலாம். வெளியே போகும்போது கையில் இருக்கட்டும் என்று அவள்தான் உனக்குச் சொல்லியிருக்கிறாள்.

நீ என்னிடம் சொல்லாமலா இருந்திருப்பாய்? நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' கொட்டியிருப்பேன். தினமும் வெறும் பையோடு திரும்பி வந்தேன். "புள்ளைகளுக்குக் குடுத்துட்டீயளா?" என்று கேட்டுவிட்டு மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டாய். இரண்டு மிட்டாயாவது மிஞ்சாதா என்று பார்த்தாயா? என் உயிரை நான் லிஃப்டில் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், நீ நிரப்பிக்கொண்டே இருந்தாய்.

மறுவாரம் ஊசி. சுனிதா லைனில் இருக்க, சட்டையைத் தூக்கிக்கொண்டு, தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி மடிப்பைப் பிடித்தேன். தொழிற்சாலையில் தலைமுடி அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய கை, இடம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஊசியைக் குத்தியது. "அயிப்போயிந்தா சார்?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். வலிக்கவே இல்லை. இது வலிக்காது என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். அழுகைதான் வந்தது, போனைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

கால்தான் மிச்சம் இருந்தது. உள்ளங்காலை நீ பார்த்தாய், இனி யார் பார்ப்பது? தொப்பையோடு குனிந்தால் முழங்கால்தான் தெரிகிறது. கண்ணாடியைத் தரையில் போட்டு, அதற்கு மேலே பாதத்தைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள் என்றாள் சுனிதா. நம் வீட்டில் கைக்கு அடக்கமாக இருக்கிற ஒரே கண்ணாடி உன்னுடையதுதான். ஸ்டிக்கர் பொட்டு அதன் ஓரத்தில் ஒட்டியபடியே இருக்கிறது. காகிதத் துண்டில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நீ. உன் முகம் பார்த்த கண்ணாடியைக் கொண்டுபோய் என் காலடியில் போடுவதா? புதிதாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிப் போட்டேன். வாங்கவும் இல்லை.

"பாதம் சூசாரா சார்?" என்று அடுத்த புதன்கிழமை கேட்டாள். பார்த்தேன் என்றேன். "குதிகால் என்ன கலர்?" என்றாள். எத்தனை பேரின் பொய்யைக் கேட்டிருப்பாள்! "நான் லைனில்தான் இருக்கிறேன், இப்போதே பாருங்கள்" என்றாள்.

கண்ணாடியை எடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தரையில் வைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். ஓரத்தில் உன் பொட்டு, நடுவில் என் பாதம். சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்து விரலின் அடியில், தண்ணீர் கோத்துச் சிவந்து ஒரு கொப்புளம்.

எனக்கு வலியே இல்லை. அந்தக் கால் எப்போதோ மரத்துப்போய்விட்டதே. செருப்பை எடுத்துக் கைவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு ஜல்லிக்கல். நம் தெருவில் இடைவெளி விடாமல் அபார்ட்மெண்ட் கட்டுகிறார்கள், வாசலெல்லாம் ஜல்லி. எத்தனை நாள் அதன்மேல் நடந்தேனோ. சுனிதாவிடம் சொன்னேன், கொப்புளத்தை உடைக்காதீர்கள், இப்போதே புறப்பட்டு வாருங்கள் என்றாள். மீனாவைக்கூட எதிர்பார்க்கவில்லை, நானே ஆட்டோ பிடித்துப் போனேன். டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. போன தடவை மாதிரி விட்டிருந்தா..." என்று, விரல் எடுத்த இடத்தைக் காட்டினார்.

புண் ஆறிவிட்டது. விரல் இருக்கிறது. மீனா வேலையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், எனக்குப் பரீட்சை வைத்துவிட்டுப் போகிறாள். நீள் கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று வாங்கித் தந்தாள், அது உறையோடு இருக்கிறது. நான் பார்ப்பது உன் கண்ணாடியில்தான். பார்த்து முடித்ததும் துடைத்து, ஒற்றிக்கொண்டு, பழைய இடத்திலேயே வைக்கிறேன். பொட்டைப் பெயர்க்கவில்லை. என் காலை நீ மடியில் வைத்துப் பார்த்ததற்கு இது குறைவான மரியாதைதான். கோபித்துக்கொள்ளாதே.

லிஃப்டில் பிள்ளைகள் இப்போதும் கை நீட்டுகிறார்கள். இடது பை அவர்களுக்கு. வலது பையில் கை வைத்தால், "நக்கோ, எடுக்காதே, அது தாத்தாவோட மருந்து" என்று அவர்களே ஒருவரையொருவர் அதட்டுகிறார்கள்.

நாளைக்குப் புதன்கிழமை. போன் அடித்தால் என் கை இன்னும் ஒரு கணம் அடுக்களைப் பக்கம் போகத்தான் செய்கிறது. அதை என்னால் நிறுத்த முடியும் என்று தோன்றவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த உடம்பைப் பற்றி யார் என்ன கேட்டாலும் இனி நானே பதில் சொல்வேன். தெரியாததை முதலிலிருந்து கேட்பேன். நீ அத்தனை புதன்கிழமை படித்த படிப்பை, நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் வீணாக விடமாட்டேன்.

ஊசி போட்டாயிற்று. இட்லி ஆறுகிறது, தள்ளிப் போடாமல் சாப்பிடப் போகிறேன்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்ட பேரிலேயே,
மீனா அப்பா